கடலோரத்துப் பன்றிப் பட்டியும் அரசாங்கத்தின் தராசும்

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை கொச்சிக்கடையைத் தாண்டியதும் மா ஓயாவைக் கடக்கின்றது. ஆற்றுக்கு அப்பால் புத்தளம் மாவட்டம் தொடங்குகின்றது. வென்னப்புவ, மாரவில, மாதம்பை, சிலாபம் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் தென்னந்தோப்பு. இடையிடையே தேவாலயக் கோபுரங்களும், வலை உலர்த்தும் முற்றங்களும், ஓட்டுத் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளும் தென்படும். வடக்கே இன்னும் சென்றால் முனீஸ்வரம் கோயிலும், உடப்புக் கிராமமும், முந்தல் ஏரியும், புத்தளத்தின் உப்பளங்களும், கற்பிட்டித் தீபகற்பமும் வரும். சைவரும், இஸ்லாமியரும், கத்தோலிக்கரும், பௌத்தரும் அருகருகே வாழும் கடற்கரை இது.

இக்கரையின் தென்பகுதியிலே, வீட்டுக் கொல்லையில் இரண்டு மூன்று பன்றிகளை வளர்ப்பது நெடுங்கால வழக்கம். கொழும்பிலிருந்து சிலாபம் வரை நீளும் இக்கரையோரம் இலங்கையின் பன்றி வலயம் என்று கால்நடைத் துறையினரால் அழைக்கப்படுகின்றது. நேயர்களுள் பலர் பன்றி இறைச்சியைத் தொடாதவர்கள். சமயத்தாலும் பழக்கத்தாலும் அதனை விலக்கியவர்கள். எனினும் இந்தப் பொருளைப் பற்றிய பேச்சு அவர்களுக்கும் உரியதே. ஒரு பொருளின் விலையை அரசாங்கம் எவ்வாறு காப்பது, ஒரு நோயை எல்லையில் எவ்வாறு தடுப்பது, சட்டத்துக்குக் கீழ்ப்படிகின்ற ஏழை அதனால் கெட்டுப்போகாமல் எவ்வாறு பார்ப்பது என்ற கேள்விகள் முட்டைக்கும், மீனுக்கும், நெல்லுக்கும் பொதுவானவை. அவற்றைப் பன்றியின் கதையிலே தெளிவாகக் காணலாம்.

முதலில் அந்த வீட்டின் கணக்கைப் பார்ப்போம். கடற்றொழிலாளி ஒருவரின் குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். மேற்குக் கரையிலே சோழகக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். வள்ளம் கரையேறிவிடும். வருவாய் சுருங்கும். அத்தகைய நாள்களுக்கென்று அந்த வீட்டில் இருக்கும் சேமிப்பு, கொல்லையில் நிற்கும் பன்றிதான். வங்கிப் புத்தகத்தில் வரவு வைக்காத பணம் அது. மகளின் திருமணம், பிள்ளையின் பாடசாலைச் செலவு, இயந்திரத்தின் திருத்தவேலை என்று எது வந்தாலும், ஒரு பன்றியை விற்றால் ஒரு தேவை தீரும்.

அதற்கு இடும் தீனியும் அவ்வூரிலேயே கிடைப்பது. தேங்காய் எண்ணெய் ஆலையின் புண்ணாக்கு, அரிசி ஆலையின் தவிடு, மீன் வெட்டும் இடத்துக் கழிவு, உணவுச்சாலைகளில் மிஞ்சிய சோறும் கறியும் ஆகியவற்றைக் கொண்டே அது வளர்கின்றது. மனிதருக்குப் பயன்படாததை இறைச்சியாக மாற்றித் தருவதில் பன்றிக்கு நிகரான பிராணி அரிது. இந்தச் சிக்கனமே அதன் பெருமை. பின்னர் காண்பதுபோல, அதன் ஆபத்தும் இந்தச் சிக்கனத்திலேயே இருக்கின்றது.

பெண்பன்றி சினைப்படும் காலம் ஏறக்குறைய 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று பன்றி வளர்ப்போர் கணக்கிட்டுச் சொல்வார்கள். பிறந்த குட்டி விற்பனைக்குரிய எடையை அடைய மேலும் ஆறு மாதம் ஆகும். எனவே, இன்றைக்கு விலை நன்றாக இருக்கின்றதென்று நம்பி ஒருவர் பெண்பன்றியைச் சேர்க்கை செய்வித்தால், அந்த முடிவின் பயன் சந்தைக்கு வருவதற்குப் பத்து மாதங்கள் செல்லும். அவர் மாத்திரம் அவ்வாறு எண்ணவில்லை. அவரைப்போலவே அயலூரார் ஆயிரம் பேரும் எண்ணியிருப்பார்கள். பத்து மாதம் கழித்து எல்லோருடைய பன்றிகளும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும். விலை விழும். விலை விழுந்ததும் பலர் வளர்ப்பைக் கைவிடுவர். அடுத்த ஆண்டு பன்றி கிடைக்காமல் விலை மீண்டும் ஏறும்.

இந்த ஏற்றத்தாழ்வை 1920களின் இறுதியிலே ஜெர்மனியப் பொருளியலாளர் ஆர்தர் ஹானாவ் புள்ளிவிவரங்களைக் கொண்டு ஆராய்ந்து விளக்கினார். பன்றிச் சுழற்சி என்ற பெயர் பொருளியல் நூல்களில் நிலைபெற்றது. விலை என்பது கண்ணாடி போன்றது என்று எண்ணுகின்றோம். பன்றி வளர்ப்பவர் கையிலுள்ள கண்ணாடியோ பத்து மாதத்துக்கு முந்திய முகத்தைக் காட்டுகின்றது. அரசாங்கம் சந்தையில் தலையிடுவதற்கு முதற் காரணம் இதுவே. பெரிய பண்ணையாளர் குளிர்களஞ்சியத்தில் இறைச்சியை வைத்து நல்ல விலைக்குக் காத்திருப்பார். கொல்லையில் மூன்று பன்றி வைத்திருப்பவர் காத்திருந்தால், ஒவ்வொரு நாளும் தீனிச் செலவு ஏறிக்கொண்டே போகும். தரகர் சொல்லும் விலையே அவருக்கு விலை.

இலங்கையிலே இதுபற்றிய சட்டங்கள் பழையவை. இறைச்சிக் கடைகளையும் விலங்கறுப்பையும் உரிமப்பத்திரத்தின் கீழ்க் கொண்டுவந்த கட்டளைச் சட்டம் 1893 ஆம் ஆண்டுக்குரியது. பண்டங்களின் விலையைக் கட்டுப்படுத்துவதற்கு 1950 இல் ஒரு சட்டம் வந்தது. இன்றைக்கு அந்த அதிகாரம், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் இருக்கின்றது. விலங்கு நோய்களைப் பொறுத்தவரை, 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம், கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்துக்கு அதிகாரம் அளிக்கின்றது. கடையின் தூய்மையைப் பிரதேச சபையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் கவனிக்கின்றனர். இங்ஙனம் ஒரே பன்றியின் மீது பல கைகள் இருக்கின்றன. விலையைப் பார்க்கும் கை ஒன்று, நோயைப் பார்க்கும் கை வேறொன்று. இவ்விரண்டு கைகளும் ஒன்றையொன்று அறியாதபோது என்ன நேரும் என்பதை 2024 ஆம் ஆண்டு எல்லோருக்கும் காட்டிற்று.

அவ்வாண்டு அக்டோபர் மாதம், ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்னும் நோய் இலங்கையில் முதன்முதலாக உறுதிப்படுத்தப்பட்டது. இது இத்தீவு முன்னரே அறிந்த பழைய பன்றிக் காய்ச்சல் அன்று. பழைய நோய்க்குத் தடுப்பூசி உண்டு. புதிய நோய் வேறொரு வைரசினால் வருவது. 1921 ஆம் ஆண்டில் கென்யா நாட்டிலே மொன்ட்கொமரி என்னும் மிருக வைத்தியர் இதனை முதன்முதலில் விவரித்தார். வீட்டுப் பன்றிக்கு இது பெரும்பாலும் மரணமே. காய்ச்சலும் சோர்வும் கண்டு, தோல் செந்நீலமாகி, சில நாள்களில் விலங்கு வீழ்ந்துவிடும். மருந்து இல்லை. வியட்நாம் 2023 இல் ஒரு தடுப்பூசியின் பரவலான பயன்பாட்டுக்கு அனுமதி அளித்ததாயினும், உலகம் முழுவதும் பொதுவாக ஏற்றுக்கொண்ட தடுப்பூசி ஒன்று உருவாகவில்லை.

ஒன்றை இங்கே அழுத்தமாகச் சொல்லவேண்டும். இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. நன்கு சமைத்த இறைச்சியை உண்பவருக்கு இதனால் தீங்கு இல்லை. ஆனால் மனிதன் அதனைச் சுமந்து செல்வான். அவனது காலணியிலும், லொறியின் சக்கரத்திலும், கத்தியிலும் அது ஒட்டிக்கொள்ளும். உறைந்த இறைச்சியிலும் உப்பிட்டு உலர்த்திய இறைச்சியிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அந்த இறைச்சியின் மிச்சம் சமைக்கப்படாமல் மற்றொரு பன்றியின் தொட்டியில் விழுந்தால் போதும். கழிவுணவை மீண்டும் நன்கு கொதிக்கவைத்தால் வைரசு அழியும். விறகும் நேரமும் செலவாகுமே என்று அதனைத் தவிர்க்கும் வீட்டில்தான் நோய் நுழைகின்றது. முன்னர் கூறிய சிக்கனத்தின் ஆபத்து இதுவே.

நோய் கண்டதும் அரசாங்கம் வர்த்தமானி அறிவித்தல் மூலம் முழுத் தீவையும் நோய் அபாயமுள்ள பிரதேசமாகப் பிரகடனம் செய்தது. பன்றிகளையும் அவற்றின் இறைச்சியையும் விருப்பம்போல் இடத்துக்கு இடம் கொண்டுசெல்வது கட்டுப்படுத்தப்பட்டது. நோயுற்ற விலங்கை விற்பது குற்றமாயிற்று. இவை யாவும் அறிவியலுக்கு ஒத்த கட்டளைகளே. கால் முளைத்த நோயைத் தடுக்க வேண்டுமானால், அதன் காலைக் கட்டவேண்டும்.

ஆயினும் கட்டளை ஒன்று, அது சென்றடையும் கொல்லை ஒன்று. காலம் நத்தாருக்கு முந்திய மாதங்கள். ஆண்டு முழுவதும் வளர்த்த பன்றி நத்தார் வாரத்தில் விற்பனையாகும் என்பதே இக்கரைக் கத்தோலிக்க வீடுகளின் நம்பிக்கை. அந்த வேளையில் ஒரு பன்றி தீனி எடுக்காமல் படுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். வளர்ப்பவர் முன்னே இரண்டு வழிகள் இருக்கின்றன. மிருக வைத்தியருக்கு அறிவித்தால், மற்றப் பன்றிகளையும் அழிக்கவேண்டி வரலாம். கொல்லை பூட்டப்படும். அடுத்த ஆண்டு வரை வருவாய் இல்லை. அறிவிக்காமல் இரவோடிரவாகத் தரகரை அழைத்தால், பாதி விலையாவது கைக்கு வரும். இரண்டாவது வழி சட்டத்துக்கு மாறானது, அயலானுக்குக் கேடானது. எனினும் கடன்காரன் வாசலில் நிற்கும்போது, முதலாவது வழியைத் தேர்வதற்கு மனிதனுக்கு அசாதாரணமான நெஞ்சுறுதி வேண்டும். அசாதாரணமான நெஞ்சுறுதி ஒவ்வொரு கொல்லையிலும் இருக்குமென்று எதிர்பார்த்து இயற்றப்படும் சட்டம் நிற்காது.

இந்த இடத்திலேதான் விலையும் நோயும் ஒன்றாகின்றன. நோயுள்ள பன்றியை அறிவிப்பவருக்கு அரசாங்கம் தரும் நட்டஈடு, களவாக வாங்கும் தரகர் தரும் விலையைவிடக் குறைவாயின் நோய் தரகரின் லொறியில் ஏறிச் செல்லும். நட்டஈடு நியாயமாகவும் விரைவாகவும் கிடைக்குமாயின் நோய் அந்தக் கொல்லையிலேயே நின்றுவிடும். ஆகவே நட்டஈட்டைத் தருமம் என்று எண்ணுவது பிழை. அயலாரின் ஆயிரம் பன்றிகளைக் காப்பதற்கு நாடு கொடுக்கும் விலை அது.

இக்கரை இத்தகைய பாடத்தை முன்னரும் ஒருமுறை படித்திருக்கின்றது. அது இறாலின் பாடம். 1980களின் தொடக்கத்திலிருந்து சிலாபம் ஏரி, முந்தல் ஏரி, புத்தளம் ஏரி ஆகியவற்றின் கரைகளிலே புலி இறால் வளர்க்கும் குளங்கள் பெருகின. வெளிநாட்டுப் பணம் வந்தது. அவரவர் விருப்பம்போல் குளம் வெட்டினர். விருப்பம்போல் குஞ்சு விட்டனர். எல்லோரும் நீர் எடுத்ததும் கழிவு நீரை விட்டதும் ஒல்லாந்தர் கால்வாயோடு இணைந்த அதே நீர்ப்பரப்பில்தான். 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தபோது, ஒருவர் குளத்து நோய் அடுத்தவர் குளத்துக்கு நீரோடு சென்றது. குளங்கள் பல கைவிடப்பட்டன. இன்றும் அப்பகுதியில் உப்புப் பூத்துக் கிடக்கும் வெற்றுக் குளங்களைக் காணலாம்.

அதன் பின்னர் வந்த ஒழுங்குதான் கவனிக்கத்தக்கது. 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை தோன்றியது. நீர்ப்பரப்பு வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. எந்த வலயத்தில் எந்த மாதம் குஞ்சு விடலாம் என்பதைக் கூறும் நாட்காட்டி வகுக்கப்பட்டது. நோயின்றிப் பரிசோதிக்கப்பட்ட குஞ்சையே விடவேண்டும் என்ற விதியும், வளர்ப்போர் சங்கங்கள் தம்முள் ஒருவரையொருவர் கண்காணிக்கும் முறையும் வந்தன. நோய் முற்றாக ஒழியவில்லை. ஆயினும் தொழில் மீண்டும் தலைதூக்கியது. அயலானின் நோய் தன் நோயே என்பதை உணர்ந்தவுடன், கட்டுப்பாடு தனக்கு விதித்த தளை என்று தோன்றாமல், தன் குளத்தின் வரம்பு என்று தோன்றியது. அவ்வுணர்வு கொல்லைப் பன்றிக்கும் வேண்டும்.

இனி உலகத்தின் அனுபவத்தைச் சற்றே நோக்கலாம். 1957 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் ஆபிரிக்காவைக் கடந்து போர்த்துக்கல் நாட்டுக்கு வந்தது. அது வந்த வழி வியப்புக்குரியது. விமானப் பயணிகள் உண்டு மிஞ்சிய உணவு, லிஸ்பன் விமான நிலையத்தின் அருகேயிருந்த பன்றிகளுக்குத் தீனியாக இடப்பட்டது. ஒரு தட்டு மிச்சத்தில் வந்த நோய் 1960 இல் ஸ்பெயினுக்கும் சென்று, பல பத்தாண்டுகள் அங்கே நிலைத்துவிட்டது.

ஸ்பெயின் 1985 இல் ஓர் ஒழுங்கான திட்டத்தைத் தொடங்கியது. நடமாடும் மிருக வைத்தியக் குழுக்கள் ஊரூராகச் சென்றன. பன்றிகளின் குருதி பரிசோதிக்கப்பட்டது. வளர்ப்போர் சுகாதாரச் சங்கங்களாக ஒன்று சேர்ந்தனர். நோய் கண்ட பட்டி அழிக்கப்பட்டபோது உரியவருக்கு நட்டஈடு வழங்கப்பட்டது. 1995 இல் நாடு நோயற்றதென அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஸ்பெயின் உலகின் பெரிய பன்றி இறைச்சி ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாக உயர்ந்தது. 2025 நவம்பரில் பார்சிலோனாவின் அருகே காட்டுப்பன்றிகளில் நோய் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. காவல் என்பது ஒருநாளும் முடிவடையாத வேலை என்பதற்கு இதுவே சான்று. வில்பத்துக் காட்டை அண்டி வாழும் புத்தளம் மாவட்டத்தார், காட்டுப்பன்றியைப் பற்றிய இச்செய்தியைச் சாதாரணமாகக் கொள்ளலாகாது.

இதற்கு நேர்மாறான கதை கரிபியன் கடலிலுள்ள ஹெயிட்டித் தீவுநாட்டிலே நிகழ்ந்தது. 1978 இல் அயல்நாடான டொமினிக்கன் குடியரசில் நோய் தோன்றி ஹெயிட்டிக்கும் பரவியது. அமெரிக்காவின் பன்றிப் பண்ணைகளுக்கு நோய் எட்டிவிடுமோ என்ற அச்சத்தில், வெளிநாட்டு உதவியோடு ஹெயிட்டியின் நாட்டுப் பன்றிகள் யாவும் 1980களின் முற்பகுதியில் அழிக்கப்பட்டன. கரிய நிறமுள்ள அந்தச் சிறிய பன்றியே அந்நாட்டு உழவனின் சேமிப்பாயிருந்தது. நட்டஈடு பலரைச் சென்றடையவில்லை. பதிலாக அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளைப் பன்றிகளோ விலைகொடுத்து வாங்கிய தீனியையும் சிமெந்துத் தரையையும் கேட்டன. உழவன் வீட்டில் இல்லாத வசதியை அவை எதிர்பார்த்தன. நோய் ஒழிந்தது, உழவனின் சேமிப்பும் ஒழிந்தது. நோயை வெல்வது மாத்திரம் வெற்றி ஆகாது என்பதற்கு ஹெயிட்டியைவிடத் தெளிவான சான்று இல்லை.

இதற்கும் பன்னாட்டு வணிகத்துக்கும் உள்ள தொடர்பையும் அறிந்துகொள்ள வேண்டும். 1887 ஆம் ஆண்டிலே ஜெர்மனி, நோயைக் காரணங்காட்டி, டென்மார்க்கின் உயிர்ப் பன்றிகளை வாங்க மறுத்தது. டென்மார்க்கின் சிறு உழவர்கள் மனமுடைந்து போகவில்லை. அதே ஆண்டில் ஹோர்சென்ஸ் என்னும் ஊரிலே கூட்டுறவுக் கொல்களம் ஒன்றை நிறுவினர். பன்றியை உயிரோடு விற்பதை விட்டு, உப்பிட்ட இறைச்சியாக்கிப் பிரித்தானியாவுக்கு அனுப்பினர். ஒவ்வோர் உறுப்பினரும் ஒரே தரமான பன்றியைத் தரவேண்டும் என்பது விதி. ஒரு கதவு மூடியதும் மற்றொரு கதவைத் திறந்தது கூட்டுறவும் தரக் கட்டுப்பாடுமே.

நாடுகள் நோயைக் காரணங்காட்டி வணிகத்தைத் தடுப்பது அன்றுபோல் இன்றும் உண்டு. காரணம் உண்மையா, சாக்கா என்று ஆராய்வதற்குப் பொதுவான அளவுகோல் வேண்டும். 1920 இல், இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற மாடுகள் வழியிலே பெல்ஜிய நாட்டின் அன்ட்வர்ப் துறைமுகத்தில் கொடிய மாட்டுக் கொள்ளைநோயைப் பரப்பின. அதன் விளைவாக 1924 இல் பாரிசிலே உலக விலங்குச் சுகாதார அமைப்பு தோன்றியது. 1995 இல் உலக வணிக அமைப்பு உருவானபோது, விலங்கு, தாவரச் சுகாதாரம் பற்றிய உடன்படிக்கை ஒன்றும் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அவ்வமைப்பின் தொடக்க உறுப்பினருள் ஒன்று.

அவ்வுடன்படிக்கையின் சாரம் எளிது. நோயுள்ள பொருளை மறுக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. மறுப்புக்கு அறிவியற் சான்று வேண்டும். ஒரு நாட்டின் ஒரு மூலையில் நோய் இருப்பதால் அந்நாடு முழுவதையும் தீண்டாமல் ஒதுக்கலாகாது. 2014 இல் போலந்து, லித்துவேனியா நாடுகளின் காட்டுப்பன்றிகளில் நோய் கண்டதும், ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலுமிருந்து பன்றிப் பொருள்களைத் தடுத்தது. வழக்கு உலக வணிக அமைப்பிடம் சென்றது. 2017 இல் வந்த மேன்முறையீட்டு முடிவும் முக்கியமான அம்சங்களில் ரஷ்யாவுக்கு எதிராகவே அமைந்தது. நோயுள்ள வலயத்தையும் நோயற்ற வலயத்தையும் பிரித்துக் காட்டக்கூடிய நாட்டுக்கே சந்தை திறக்கும் என்பது இதன் பொருள். பிரித்துக் காட்டுவதற்கோ பதிவேடு வேண்டும். எந்தக் கொல்லையில் எத்தனை பன்றி என்பதை அறியாத நாடு, மா ஓயாவுக்கு இப்பால் நோயில்லை என்று எவருக்கும் நிரூபிக்க முடியாது.

நோய் வந்தால் விலை என்னவாகும் என்பதற்குச் சீனம் உதாரணம். 2018 ஆகஸ்டில் அங்கு நோய் தோன்றியது. அடுத்த ஆண்டில் பன்றிக் கூட்டத்தில் பெரும்பகுதி குறைந்து, இறைச்சி விலை இரட்டிப்புக்கு மேல் ஏறியது. சீன அரசாங்கம் உறைந்த இறைச்சியைச் சேமித்து வைக்கும் களஞ்சியங்களைத் திறந்து சந்தைக்கு அனுப்பியது. வெளிநாடுகளிலிருந்து பெருமளவில் வாங்கியது. 2021 இல் வளர்ப்பு மீண்டும் பெருகியபோது விலை சரிந்தது. அப்போது அதே அரசாங்கம் உழவரைக் காக்க இறைச்சியை வாங்கிக் களஞ்சியத்தில் வைத்தது. விலை ஏறும்போது விற்பதும் இறங்கும்போது வாங்குவதுமாகிய இம்முறை, பண்டைக்காலத் தானியக் களஞ்சியத்தின் புதிய வடிவமே.

இலங்கையிலே இதற்கு நெருங்கிய அனுபவம் முட்டையினுடையது. 2022 ஆகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டது. நோக்கம் நல்லது, பாவனையாளர் பொருளாதார நெருக்கடியில் தவித்த காலம் அது. ஆனால் தீனி விலை பன்மடங்கு ஏறியிருந்தது. அவ்விலைக்கு விற்றால் நட்டம் என்று உற்பத்தியாளர் முறையிட்டனர். கடைகளில் முட்டை அரிதாயிற்று. 2023 இல் அரசாங்கம் இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்தது. குருநாகலும் புத்தளமும் அடங்கிய வடமேல் மாகாணம் நாட்டின் முட்டை உற்பத்தியில் முதன்மையானது. ஆகவே அந்த விலைத் தாளின் சூட்டை இம்மாவட்டத்தார் நன்கு அறிவார்கள்.

உச்சவிலை என்பது கூரை. கூரை மாத்திரம் வீடாகாது. தீனியின் விலையும், குஞ்சின் அல்லது குட்டியின் விலையும் சுவர்கள். சுவரின் உயரத்தைப் பாராமல் கூரையை இறக்கினால், உள்ளே இருப்பவர் நிமிர்ந்து நிற்க முடியாது. அதுபோலவே இறக்குமதியும் கருத்தோடு கையாளவேண்டிய கருவி. இறைச்சி தட்டுப்படும்போது சிறிதளவு வெளிநாட்டுப் பொருள் வருவது பாவனையாளருக்கு ஆறுதல். நோயால் அடிபட்ட வளர்ப்போர் மீண்டும் குட்டி வாங்கி வளர்க்கும் அந்தப் பத்து மாதத்துக்குள் பெருமளவில் வந்து குவிந்தாலோ, எழுந்து நிற்க முயல்பவரை மீண்டும் தள்ளியதாகிவிடும். நோயுள்ள நாட்டிலிருந்து சான்றிதழின்றி வரும் ஒரு பொட்டலமோ எல்லா முயற்சியையும் ஒரே நாளில் வீணாக்கிவிடும். வெளிநாட்டிலிருந்து திரும்பும் பயணி தன் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் இறைச்சியும் இதில் அடங்கும்.

இவற்றை நோக்கும்போது செய்யவேண்டியவை தெளிவாகின்றன. கொல்லையில் ஒரு பன்றி இருந்தாலும் அது பதிவு செய்யப்படவேண்டும். பதிவு வரிக்காக அன்று, உதவிக்காக என்பதை மக்கள் நம்பவேண்டும். நோயை முதலில் அறிவிப்பவருக்கு, அறிவித்த சில நாள்களுக்குள் நட்டஈடு கைக்குக் கிடைக்கவேண்டும். ஓராண்டு கழித்து வரும் காசோலை, பிணம் எரிந்தபின் வரும் மருந்துக்கு ஒப்பாகும். விலங்கறுப்பு, பரிசோதனையுள்ள கொல்களங்களில் நடைபெறவேண்டும். அவை ஊருக்கு அருகே இருக்கவேண்டும். கழிவுணவைக் கொதிக்கவைக்கும் கொப்பரையைச் சிறுவளர்ப்போர் சங்கமாகச் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். வாரந்தோறும் பன்றியின் பண்ணை விலையை வானொலி அறிவிக்குமாயின், தரகரின் வாயிலிருந்து மாத்திரம் விலையை அறியும் நிலை மாறும். விலையைத் தீர்மானிக்கும் அதிகாரியும் நோயைத் தடுக்கும் அதிகாரியும் ஒரே மேசையில் அமரவேண்டும்.

பாவனையாளருக்கும் ஒரு கடமை உண்டு. நத்தார் காலத்திலே பாதி விலைக்குக் கிடைக்கும் இறைச்சியை மறைவாக வாங்குபவர் தமக்கு இலாபம் என்று எண்ணலாம். அவர் உண்ணும் இறைச்சி அவருக்குத் தீங்கு செய்யாமலும் இருக்கலாம். ஆயினும் அவர் வீட்டுக் குப்பையில் விழும் எலும்பு, மறுநாள் ஓர் ஏழையின் கொல்லையை வெறுமையாக்கிவிடும். முத்திரையுள்ள கடையிலே, உரிய விலை கொடுத்து வாங்குவதும் ஒரு தேசியப் பணியே.

சோழகம் வரும், கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையேறும். அந்த நாள்களிலே மாரவிலவிலோ வென்னப்புவவிலோ ஒரு தாய் தன் கொல்லைப் பட்டியைப் பார்த்து, பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு வழியுண்டு என்று மனந்தேறுவாள். அவளுடைய பன்றி ஒருநாள் தீனி எடுக்காமல் படுத்தால், அவள் தரகரைத் தேடி ஓடுவாளா, மிருக வைத்தியரைத் தேடி ஓடுவாளா? வைத்தியரிடம் செல்வதால் தன் குடும்பம் கெடாது என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தால், நாட்டின் காவல் அவள் வீட்டு வேலியிலேயே தொடங்கிவிடும்.